மறுநாளே போய்விடுவேன்

மன்னார்க் கச்சேரியில், மாவட்டத்து அரசாங்கக் கந்தோரில், கிறிஸ்துநாயகம் பதினாறு வருடம் கிளாக்கராக இருந்தார். தன்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் அவர் கச்சேரியைச் சொல்வதில்லை. தேர்தல்களைச் சொல்வார். எழுபத்தேழில் பொதுத் தேர்தல். எண்பத்திரண்டு ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல். அதே வருடம் டிசெம்பரில், தேர்தல் இல்லாமலே நாடாளுமன்றத்தை நீடிக்கலாமா என்பதை விளக்கா குடமா என்று கேட்ட சர்வசன வாக்கெடுப்பு. மூன்றிலும் அவர் வாக்குச்சாவடியில் இருந்தார். கடைசி இரண்டில் தலைமை அலுவலர். காலையில் வெறும் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, அரக்கு வைத்து மூடுகிறவர் அவர்தான். மூன்று முறையும் கணக்குச் சரியாக வந்தது. ஊருக்கு ஒன்றும் வரவில்லை.

எண்பத்தாறில் வெளிக்கிட்டார். கிழக்கு பெர்லின் வரை விமானம், பிறகு ரயில், பிறகு கப்பல். மனைவி விக்ரோரியாவும் மகள் மரினாவும் மகன் ஸ்ரிபனும் கடற்கரை ஊரிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவருக்குத்தான் காசு காணுமாயிருந்தது. அடுத்த வருடக் கோடையில் அவருக்கு டென்மார்க்கில் இருக்க அனுமதி கிடைத்தது. ஒக்டோபரில் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பம் போட்டார். படிவத்தை அவரே நிரப்பினார். வெட்டித் திருத்தல் ஒன்றும் இல்லை. பதினாறு வருடப் பழக்கம்.

எண்பத்தெட்டு நவம்பர் ஆகியும் பதில் வரவில்லை.

ஹோர்சன்ஸில் ஒரு மாடி வீட்டில் மூன்று பேராக இருந்தார்கள். கிறிஸ்துநாயகம், யாழ்ப்பாணத்துப் பேனாட், மட்டக்களப்பு இராசநாயகம். காலையில் மூவரும் மொழிப் பள்ளிக்கூடம். பின்னேரங்களில் கிறிஸ்துநாயகம் ஒரு பண்டகசாலையில் பிளாஸ்ரிக் பெட்டிகள் கழுவினார். வீட்டுக்கு வந்ததும் குசினி மேசையில் உட்கார்ந்து, சுப்பர் மார்க்கற் விளம்பரத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் கோடு போடுவார். டிசெம்பர் பத்தொன்பதாம் திகதி இலங்கையில் மீண்டும் ஜனாதிபதித் தேர்தல். இருபத்திரண்டு தேர்தல் மாவட்டம், மூன்று வேட்பாளர்.

"அண்ணை, கச்சேரியை விட்டு வந்து ரெண்டு வரியமாச்சு. இன்னும் கவுண்மேந்துக்கு ஓவர்ரைம் செய்யிறியள்" என்றான் பேனாட்.

"ஐம்பது வீதம் ஒருத்தருக்கும் வராது, பார். தோத்தவருக்குப் போட்ட சீட்டுகளில இரண்டாவது விருப்பு எண்ணவேண்டி வரும். அப்பிடி எண்டால் முந்திப் பிரதமராய் இருந்த அம்மாவுக்குச் சான்ஸ் இருக்கு."

"அம்மா வந்தால்?"

"இந்தியன் ஆமி போகவேணும் எண்டு அவ சொல்லுறா."

"மற்றவர், இப்ப இருக்கிற பிரதமர் வந்தால்?"

"அவரும் அதைத்தான் சொல்லுறார்."

இராசநாயகம் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. ஊரில் ஆலைத் தொழிலாளி. திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "தெற்கில வோட்டுப் போடப் போறவனைச் சுடுவம் எண்டு ஒரு கூட்டம் நோட்டீஸ் ஒட்டுது. வடக்கில போடாதை எண்டு ஒரு கூட்டம், போடு எண்டு இன்னொரு கூட்டம். இதில நீங்க இரண்டாவது விருப்பை எண்ணிறீங்க. முதலாவது விருப்பு உசிரோட கிடக்கிறதுகா."

பேனாட் சிரித்தான். கிறிஸ்துநாயகமும் சிரித்தார். பிறகு திரும்பவும் கோடு போட்டார்.

அவர் உண்மையில் கணக்குப் பார்த்தது மாவட்டங்களை அல்ல. அதைப் பேனாட்தான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான்.

"அண்ணை, உங்கட கணக்கு லேசு. தேர்தலுக்குப் பிறகு சண்டை நடந்தால் அக்காவுக்கும் பிள்ளையளுக்கும் ஆபத்து. சண்டை நிண்டால் இவங்கள் சொல்லுவாங்கள், உங்கட நாடு நல்லாயிட்டுது, ஏன் அவையைக் கூப்பிடுறாய், நீ போ எண்டு. ஆர் வெண்டாலும் உங்களுக்குத் தோல்வி."

"வாயை மூடடா."

"சரி, மூடுறன். கணக்குப் பிழையெண்டு சொல்லுங்கோ."

இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து டெனிஷ்காரர் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். மொழிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கூட, அங்கே இப்போது அமைதிப்படை இருக்கிறதல்லவா என்று கேட்டார்.

அகதிகள் உதவி அலுவலகத்தில் கிறேத என்று ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளில் வருவாள், கம்பளித் தொப்பி போட்டிருப்பாள், தமிழ்ப் பெயர்களை முழுதாக உச்சரிக்கப் பாடுபடுவாள். கிறிஸ்துநாயகத்தின் விண்ணப்பம் பற்றி கொப்பன்ஹேகனுக்கு அவள் நாலு தடவை எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று நாலு தடவையும் பதில் வந்தது. பத்திரிகையில் ஏதாவது வந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகள், பதின்மூன்று மாதம். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து நீல்ஸ் என்ற நிருபரை அவளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்துநாயகம் இராசநாயகத்தின் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். கோப்பி போட்டு, வடை சுட்டு, கேக் வாங்கி வைத்திருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. முதல் அரை மணித்தியாலம் தேர்தல். நீல்ஸுக்கு அது பிடித்துக்கொண்டது. இரண்டாவது விருப்பு வாக்கு என்றால் என்ன என்று கேட்டு எழுதினான். வடக்கில் எத்தனை பேர் வாக்களிப்பார்கள் என்று கேட்டான். பத்தில் இரண்டு பேர் போட்டால் அதிசயம் என்றார் கிறிஸ்துநாயகம். ஏன்? "வெறுத்துப்போச்சு. ஆருக்குப் போட்டும் ஒண்டும் நடக்கேல்லை. இப்ப போடுறதுக்கும் பயம், போடாமல் விடுறதுக்கும் பயம்." நன்றாகப் பேசினார். கிறேத தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு நீல்ஸ் கேட்டான்: சமாதானம் வந்தால் என்ன செய்வீர்கள்?

மன்னாரில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால், இரண்டாம் நாள் விருந்தாளி தானாகவே சொல்லவேண்டும், நாளைக்கு வெளிக்கிடுகிறோம் என்று. சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. சொன்னவுடன் வீட்டுக்காரர், என்ன அவசரம், இருந்திட்டுப் போங்கோ என்பார். அவர் சொல்லாமல் விட்டால் அது அதைவிட மரியாதைக் குறைவு. விருந்தாளி இன்னும் ஒருமுறை மறுப்பார். வீட்டுக்காரர் இன்னும் ஒருமுறை மறிப்பார். பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், நிற்பார்கள்.

கிறிஸ்துநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "சமாதானம் வந்தால் மறுநாளே போய்விடுவேன். உங்கள் நாட்டுக்கு நாங்கள் கனகாலம் பாரமாக இருக்கமாட்டோம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

நீல்ஸ் அதை எழுதினான். அடியில் கோடும் போட்டான். எழும்பிக் கைகொடுத்தான். வடை மிகவும் நன்றாக இருந்தது என்றான்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. பேனாட்தான் வாங்கி வந்தான். அரைப் பக்கம். கோட்டுப் போட்ட கிறிஸ்துநாயகம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மேலே பெரிய எழுத்தில்: சமாதானம் வந்தால் மறுநாளே போய்விடுவேன். இரண்டாவது விருப்பு வாக்கைப் பற்றி ஒரு வரி இருந்தது. மனைவி, பிள்ளைகள், பதின்மூன்று மாதம் எல்லாம் கடைசிப் பந்தியில் இருந்தன.

பேனாட் இரண்டு தடவை வாசித்தான். அவனுடைய டெனிஷ் கொஞ்சம் நல்லது.

"அண்ணை, இதை ஏன் சொன்னனீங்கள்?"

"ஒரு முறைக்குச் சொன்னது."

"அவனுக்கு எங்கட முறை தெரியுமே?"

"கறுமம். போகாதேங்கோ எண்டு சொல்லுவான் எண்டு நினைச்சன்."

திங்கட்கிழமை எல்லோரும் அவருடன் அன்பாக இருந்தார்கள். அதுதான் அவரைக் கூடப் பயப்படுத்தியது. மொழிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பத்திரிகையைச் சுவரில் ஒட்டியிருந்தார். பண்டகசாலையில், அதுவரை காலை வணக்கம்கூடச் சொல்லாத மேற்பார்வையாளர் வந்து தோளில் தட்டினார். இப்படிப்பட்ட மனிதர்கள்தான் வேண்டும் என்றார்.

உதவி அலுவலகத்தில் கிறேத அவருக்குக் கதிரையைக் காட்டினாள். மேசையில் பத்திரிகை மடித்துக் கிடந்தது.

"இது கொப்பன்ஹேகனில் பார்ப்பார்களா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம். பார்க்காமலும் விடலாம்."

"திருத்தம் போட முடியுமா?"

"என்ன திருத்தம்? அவன் பிழையாக எழுதினானா?"

"இல்லை."

"சமாதானம் வந்தாலும் போகமாட்டேன் என்று எழுதச் சொல்லவா?"

கிறிஸ்துநாயகம் யோசித்தார். போகமாட்டேன் என்று எழுதினால் இவர் அகதி இல்லை, பிழைக்க வந்தவர் என்பார்கள். போவேன் என்றால் மனைவியை அழைக்கத் தேவையில்லை. மூன்றாவதாக ஒரு வசனம் இருக்கவேண்டும். அலுவலகக் கடிதங்களில் அவர் எத்தனையோ தடவை அப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது வரவில்லை.

"விடுங்கோ" என்றார்.

உண்மையில் அந்தப் பத்திரிகையைக் கொப்பன்ஹேகனில் யாரும் கணக்கெடுத்திருக்கமாட்டார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே, மேலே அமைச்சரிடமிருந்து வந்த ஒரு சொல்லில், தமிழர்கள் தங்கள் குடும்பங்களை அழைக்கப் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. நல்லாய்க் கதைத்தவர், கதைக்கத் தெரியாதவர், பத்திரிகையில் வந்தவர், வராதவர் எல்லோரும் அங்கே ஒன்றுதான். அதற்காக, அகதி தன் குடும்பத்தை அழைக்க உரிமை கொடுத்த எண்பத்து மூன்றாம் வருடச் சட்டம் மீறப்பட்டது என்று நாலு வருடம் கழித்து நீதிபதிகள் எழுதினார்கள். அதோடு டென்மார்க்கின் அரசாங்கமே விலகியது. எண்பத்தெட்டில் அது கிறிஸ்துநாயகத்துக்குத் தெரியாது. தன் வாயால் கெட்டது என்றே நினைத்துக்கொண்டு பெட்டி கழுவினார்.

டிசெம்பர் இருபதாம் திகதி பின்னேரம் குசினியில் றேடியோவைச் சுற்றி மூவரும் இருந்தார்கள். லண்டனிலிருந்து தமிழ்ச் செய்தி. பிரதமராக இருந்தவர் ஜனாதிபதியாகிவிட்டார். ஐம்பது தசம் நாலு மூன்று வீதம்.

"அண்ணை, இரண்டாவது விருப்பு?" என்றான் பேனாட்.

"தேவைப்படேல்லை."

"அரை வீதத்தாலை தப்பிட்டுது உங்கட கணக்கு."

"உங்கட மன்னாரும் சேர்ந்த வன்னி மாவட்டத்தில எத்தினை வீதம் போட்டது?" இராசநாயகம் கேட்டார்.

"பதின்மூன்று, பதினாலு."

"அப்ப மிச்ச எண்பத்தாறும் எந்தக் கட்சி?"

கிறிஸ்துநாயகம் விளம்பரத் தாள்களை ஒன்றாக அடுக்கி மடித்துக் குப்பையில் போட்டார். அடுத்த நாள் மேற்பார்வையாளர் வந்து, புதிய ஜனாதிபதி வந்துவிட்டார் என்று பத்திரிகையில் பார்த்தேன், நல்ல செய்தியா என்று கேட்டார். ஓம், நல்ல செய்தி என்றார் கிறிஸ்துநாயகம். அப்படியென்றால் பொதி கட்டலாம் என்று அவர் சிரித்தார். கிறிஸ்துநாயகமும் சிரித்தார்.

ஜனவரி பதினாலாம் திகதி விக்ரோரியாவின் கடிதம் வந்தது. டிசெம்பர் இருபத்திரண்டில் எழுதியது. கொழும்புக்கு யாரிடமோ கொடுத்து அங்கிருந்து தபாலில் போட்டிருந்தாள். விக்ரோரியா அதிகம் எழுதுகிறவள் இல்லை. இந்த முறை நாலு பக்கம்.

தேர்தலன்று காலையில் தோளில் துவக்குத் தொங்க வந்தவர்கள் ஒழுங்கையில் வீடுவீடாகக் கூப்பிட்டு ட்ரக்ரரில் ஏற்றினார்கள் என்று எழுதியிருந்தாள். "நான் பிள்ளையளை விட்டிட்டு வரேலாது எண்டன். அவையையும் ஏத்துங்கோ எண்டாங்கள். பள்ளிக்கூடத்தில சனம் இல்லை. மேசையில இருந்த பெடியன் உங்களைத் தெரியும் எண்டான். சீட்டைத் தந்தாங்கள். மூண்டு பேர், மூண்டு சின்னம். இதில ஆருக்குப் போட்டால் நாங்கள் உங்களிட்ட வந்து சேருவம் எண்டு பாத்தன். ஒருத்தரும் இல்லை. ஒண்டும் கீறாமல் மடிச்சுப் போட்டிட்டன். பிழையோ தெரியாது."

அது செல்லுபடியற்ற வாக்கு. எண்ணும்போது தனியாகக் கட்டி வைப்பார்கள்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "இடக்கைச் சின்னிவிரலில மை பூசிப்போட்டாங்கள். இப்ப வேறை துவக்குக்காரர் இரவில வந்து விரலைப் பாக்கினம் எண்டு கதை. பக்கத்து ஊரில ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனவையாம். எலுமிச்சம்புளி போட்டுப் பாத்தன், மண்ணெண்ணெய் போட்டுப் பாத்தன், கல்லிலை உரஞ்சித் தோல்தான் போச்சுது. நகத்துக்குள்ள கறுப்பாக் கிடக்கு. கோயிலுக்கும் போறேல்லை. மரினா சீலைத் துண்டாலை சுத்திவிட்டிருக்கிறாள், வெட்டுக்காயம் எண்டு சொல்லுறன். நீங்கள் எத்தினை எலெக்சனுக்கு இந்த மையைப் பூசினனீங்கள். இது எப்பிடிப் போகும் எண்டு உடன எழுதுங்கோ."

கிறிஸ்துநாயகம் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்தார். மூன்று தேர்தலிலும், அவருடைய சாவடியில், அவருடைய கண் முன்னால் ஆயிரக்கணக்கான விரல்களுக்கு அது பூசப்பட்டது. மை சரியாகப் பிடித்ததா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. அது எப்படிப் போகும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. தோலில் இருப்பது இரண்டு கிழமையில் போய்விடும். நகத்தில் இருப்பது நகம் வளர்ந்தால்தான் போகும். இரண்டு மாதம், இரண்டரை மாதம். கடிதம் வர இருபத்துமூன்று நாள். பதில் போக இன்னும் அவ்வளவு.

தபால் கந்தோருக்குப் போய்த் தொலைபேசியில் மன்னார்க் கோயிலில் சுவாமியார் இருக்கும் அறைவீட்டுக்குக் கேட்டுப் பார்த்தார். கொழும்பு வரைக்கும் லைன் போனது. அதற்கு அங்கால் இல்லை.

திரும்பி வந்தபோது பேனாட் கடிதத்தை வாசித்து முடித்திருந்தான். பகிடி ஒன்றும் வரவில்லை அவனிடம்.

"கிறேதவிட்ட காட்டப்போறன்" என்றார் கிறிஸ்துநாயகம். "மொழிபெயர்த்துக் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பட்டும். பேப்பரில நான் சொன்னதுக்கு இதுதான் பதில். சமாதானம் எப்பிடி இருக்கெண்டு வாசிச்சுப் பாக்கட்டும்."

"நல்லது. காட்டுங்கோ."

பேனாட் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். பிறகு கேட்டான்: "அண்ணை, ஆர் மொழிபெயர்க்கிறது?"

ஹோர்சன்ஸில் அப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் இரண்டு பேர். ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில், வோட்டுப் போடாதே என்ற இயக்கத்துக்குக் காசு சேர்ப்பவர். மற்றவருடைய தம்பி ஊரில், போடு என்ற இயக்கத்தில் இருந்தான். இருவரும் நல்ல மனிதர்கள்தான். கலியாண வீடுகளில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்.

"பேரை வெட்டிப்போட்டுக் குடுத்தால்?"

"கச்சேரிக் கிளாக்கரின்ரை மனிசி, ரெண்டு பிள்ளையள், கடற்கரை ஊர். பேர் வேணுமே, அண்ணை?"

இராசநாயகம் கழுவிய கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மையைப் பூசினவங்க வோட்டுப் போட வச்சதா எழுதினா அவங்களுக்குக் கோவம். விரலைப் பாக்கிறவங்களை எழுதினா அவங்களுக்குக் கோவம். கடிதம் போறது ஒரு நாட்டுக்கு. கோவம் வாறது ரெண்டு வீட்டுக்கு."

கிறிஸ்துநாயகத்துக்கு அது அவர்களைவிட நன்றாகத் தெரியும். கந்தோர்க் கோப்பு ஒன்றை யாருக்கு எழுதினார்களோ அவர் மட்டும் வாசிப்பதில்லை. கட்டுகிறவன் வாசிப்பான். சுமக்கிறவன் வாசிப்பான். மதியம் சாப்பாட்டுக்கு மேசையில் விரித்துவிட்டுப் போனால் பக்கத்து மேசைக்காரன் வாசிப்பான். பதினாறு வருடம் அவரும் வாசித்திருக்கிறார்.

ஆனாலும் திங்கட்கிழமை கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கிறேதவே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஏதாவது வழி சொல்லக்கூடும். ஆங்கிலத்தில் அவரே எழுதலாம். எழுதி அவள் கையில் மட்டும் கொடுக்கலாம். தெருவில் பனி உறைந்து கிடந்தது. மெதுவாக நடந்து போனார்.

கிறேத அவரைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். கொப்பன்ஹேகனுக்கு ஐந்தாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். "நல்ல நேரத்தில் வந்தீர்கள். இந்த முறை விபரமாக எழுதப்போகிறேன். தேர்தலுக்குப் பிறகு ஊரிலிருந்து ஏதாவது செய்தி வந்ததா?"

"வந்தது."

"உங்கள் மனைவி என்ன எழுதியிருக்கிறார்? ஆபத்து ஏதாவது? ஏதாவது ஒன்று இருந்தால் அதை வைத்துக் கேட்கலாம். அதை இணைத்து அனுப்பலாம்."

"இணைத்தால் அது யாரிடம் போகும்?"

"அலுவலகத்துக்கு."

"அலுவலகத்தில் யாரிடம்?"

கிறேத யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "அது எனக்குத் தெரியாது. பல பேர் பார்ப்பார்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்றே அவர்கள் சொல்வதில்லை."

கிறிஸ்துநாயகம் பைக்குள் கையை விட்டார். நாலு பக்கம் என்றபடியால் உறை தடிப்பாக இருந்தது. அதைக் கொடுத்தால் விக்ரோரியா வரலாம். கொடுத்ததால் விக்ரோரியா இல்லாமலும் போகலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல்தான் பதினைந்து மாதம் போனது.

கிறேத பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பிள்ளைகளுடைய பள்ளிக்கூட விசயம்தான்" என்றார். கை பைக்குள்ளேயே இருந்தது.

"வேறொன்றும் இல்லையா?"

"வேறொன்றும் இல்லை. எல்லோரும் சுகம்."

கிறேத கொஞ்சம் ஏமாற்றத்தோடு தலையை ஆட்டினாள். ஆனாலும் அது நல்ல செய்திதான் என்று சொல்லி, குனிந்து, கடிதத்தில் அதையும் எழுதினாள்.